கரி கிரில் அடுப்பில் கேஸ் பட்டன் பற்றவில்லையா? கடைக்காரர்கள் கவனத்துக்கு

துவரம்பருப்பு வரத்து, எண்ணெய் விலை, வரிக் கணக்கு என்று படித்துப் பழகிய நம் இதழில் அடுப்புப் பட்டனைப் பற்றி என்ன கட்டுரை என்று சிலர் நினைக்கக்கூடும். ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர் வரை கேஸ் லைட்டர் விற்காத மளிகைக் கடை ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். கடந்த சில வருடங்களாக லைட்டரோடு சேர்த்து, அடுப்பில் பொருத்துகிற பட்டன், ஒயர், பொறி விடும் ஊசி அடங்கிய செட்டும் நம்மிடம் போகிறது. வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மீன், கோழி சுடும் தள்ளுவண்டிக்காரர்கள். விற்பது சிறிய சாமான். லாபமும் சில ரூபாய்தான். ஆனால் அந்தச் சில ரூபாய்ச் சாமானால் ஒரு பையனின் கை வெந்து போனதை நாம் பார்க்க வேண்டியதாயிற்று. அதனால்தான் எழுதுகிறோம்.

வங்கக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பது நம் பகுதியில் குழந்தைக்கும் தெரியும். அந்த நாட்களில் மீன் சுடும் வண்டிகள் பல ஓரங்கட்டப்பட்டுத் தார்ப்பாயின் கீழ் கிடக்கும். ஜூன் 15க்குப் பிறகு காசிமேட்டில் படகு கரை சேர்ந்ததும் எல்லா வண்டியும் ஒரே வாரத்தில் தெருவுக்கு வரும். அந்த வாரம் நம் மண்டிக்குத் திரும்பி வரும் பட்டன் செட்டுகளைப் பார்த்தால், கம்பெனிக்காரன் வருடம் முழுவதும் அனுப்பிய கழிவுச் சரக்கை ஒரே நாளில் இறக்கினானோ என்று தோன்றும்.

2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் அப்படித்தான். திருவொற்றியூர் பக்கம் கடை வைத்திருக்கும் நம் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு பட்டன் செட்டைத் திரும்பக் கொண்டு வந்தார். "அண்ணாச்சி, டக்குனு சத்தம் கேக்குதாம், ஆனா பத்தலையாம். மாத்திக் குடுங்க" என்றார். பிரித்துக்கூடப் பார்க்காமல் வேறு ஒன்றைக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்து அதுவும் திரும்ப வந்தது. அதையும் மாற்றினோம். மாற்றிக் கொடுத்தால் பேச்சு முடிந்தது, சிட்டையும் சரியாகி விட்டது என்பது நமது வெகுநாளைய வழக்கம். மூன்றாவது முறை செட்டு வரவில்லை, செய்திதான் வந்தது. அந்த வண்டியில் வேலை செய்த இருபது வயதுப் பையன் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்த்து, பற்றவில்லை என்று குனிந்து பார்த்தபோது குப்பென்று பிடித்து விட்டது. புருவம் கருகி, வலது முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து, அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்தார்கள்.

அன்று மாலையே போய் வண்டியைப் பார்த்தோம். வண்டிக்காரர் நம்மைக் கண்டதும், "இன்னா அண்ணாச்சி, மூணு செட்டு மாத்தியாச்சு, மூணும் டூப்ளிகேட்டா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் பட்டனைக் கழற்றிக் கையில் வைத்துத் தட்டிப் பார்த்தால் நீலப் பொறி பளிச்சென்று வந்தது. மூன்று செட்டிலும் குற்றமில்லை. குற்றம் வேறு இடத்தில் இருந்தது. அதைப் பார்க்காமல் இரண்டு முறை மாற்றிக் கொடுத்த நமது அவசரமும் அந்தக் குற்றத்தில் சேர்த்திதான்.

அடுப்பு எப்படி அமைந்தது என்று முதலில் சொல்லி விடுகிறோம். அமெரிக்காவில் 1952ஆம் ஆண்டு ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் உருவாக்கிய உருண்டை மூடி போட்ட கரி அடுப்புதான் வெபர் கம்பெனியின் புகழ்பெற்ற சரக்கு. அதே கம்பெனி பிற்பாடு கரிக்குக் கீழே சிறிய கேஸ் பர்னர் வைத்து, பட்டனைத் தட்டினால் கரி பற்றிக் கொள்ளும்படி ஒரு மாடலும் விற்றது. அந்த யோசனை எப்படியோ நம்மூர் வெல்டிங் பட்டறை வரை வந்து சேர்ந்து விட்டது. 200 லிட்டர் டிரம்மை நெடுக்கில் பாதியாக அறுத்து, காலடித்து, அடியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பர்னராக ஓட்டி, மேலே கம்பி வலையில் கரியைப் பரப்பினால் கிரில் அடுப்பு தயார். பட்டனைத் தட்டி, கேஸ் தீயில் பத்து நிமிடம் போல் கரியைப் பிடிக்க விட்டு, பிறகு கேஸை மூடி விடுவார்கள். மண்ணெண்ணெய்த் துணியும் விசிறியும் வேண்டாம். சீமைக் கருவேலங்கரியானாலும் கொட்டாங்குச்சிக் கரியானாலும் சீக்கிரம் பிடிக்கும். யோசனை நல்ல யோசனைதான். செய்கிறவர் இரண்டொரு விஷயம் தெரிந்து செய்ய வேண்டும்.

பட்டனுக்குள் பேட்டரி இருக்கிறதா என்று நம்மிடம் கேட்காத வாடிக்கையாளர் இல்லை. பேட்டரி போடுகிற வகையும் உண்டு. டர்ரென்று தொடர்ந்து பொறி விடுவது அது. நாம் அதிகம் விற்பது பேட்டரி இல்லாதது. 1880ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பியேர் கியூரி, ழாக் கியூரி என்ற சகோதரர்கள் ஒரு உண்மையைக் கண்டார்கள். படிகக் கல் போன்ற சில பொருள்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் உண்டாகிறது. இந்த பியேர் கியூரிதான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். அந்த உண்மையை வைத்துத்தான் நமது லைட்டர் ஓடுகிறது. உள்ளே விரல் நுனி அளவு பீங்கான் போன்ற ஒரு கட்டை. பட்டனை அழுத்தும்போது ஸ்பிரிங் இறுகி, ஒரு கட்டத்தில் விடுபட்டு, சின்னச் சுத்தியல் ஒன்று அந்தக் கட்டையில் அடிக்கிறது. அதுதான் 'டக்' சத்தம். அந்த ஓர் அடியில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல் பிறக்கும். வோல்ட் அதிகமே தவிர அளவு மிகச் சொற்பம். கையில் பட்டால் சுள்ளென்று உதறலாம், ஆளை ஒன்றும் செய்யாது.

இங்கே ஒன்றைப் பிடித்துக் கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். காற்றில் ஒரு மில்லிமீட்டர் தூரம் பொறி தாண்டுவதற்கு ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். பத்துப் பன்னிரண்டாயிரம் வோல்ட் கொண்ட பொறி நான்கு மில்லிமீட்டர் தாண்டும். ஒரு விரற்கடைத் தூரத்தைத் தாண்டாது. போகும் வழியில் அதைவிடச் சுலபமான பாதை ஏதாவது கிடைத்தால் அந்தப் பக்கம் போய் விடும். ஊசி முனைக்கு வரவே வராது. கடன் வசூலுக்கு அனுப்பிய ஆள் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து விடுவதைப் போல.

நாம் பார்த்த வண்டியில் இந்த இரண்டு தவறும் இருந்தன. ஊசிக்கும் பர்னர் குழாய்க்கும் நடுவே கட்டை விரல் நுழைகிற இடைவெளி. ஒயரை டிரம்மின் தகட்டில் ஓட்டை போட்டு அப்படியே இழுத்திருந்தார்கள். தகட்டின் கூர்மையில் உறை அறுபட்டு உள்ளே செம்பு தெரிந்தது. இருட்டிய பிறகு, கேஸ் சிலிண்டரை அடியோடு மூடிவிட்டுப் பட்டனைத் தட்டச் சொன்னோம். ஊசி முனையில் ஒன்றும் இல்லை. தகட்டு ஓட்டையில் பளிச் பளிச்சென்று பொறி! வண்டிக்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. மூன்று செட்டும் அந்த ஓட்டையில்தான் தங்கள் பொறியைக் கொட்டியிருக்கின்றன.

ஆகவே எந்தக் கடைக்காரரும் 'பட்டன் போச்சு' என்ற பேச்சை அப்படியே எடுத்துக் கொள்ள வேண்டாம். முதலில் சத்தத்தைக் கேளுங்கள். டக் என்ற கெட்டியான சத்தமே வராமல் பட்டன் கொழகொழவென்று உள்ளே போய் வந்தால், ஸ்பிரிங்கோ சுத்தியலோ மாட்டிக் கொண்டது என்று பொருள். அதுதான் உண்மையில் கெட்ட பட்டன். மாற்றிக் கொடுக்க வேண்டியதும் அதுதான். சத்தம் சரியாக இருந்தால் பெரும்பாலும் பட்டன் மேல் குற்றமில்லை. செட்டைக் கையில் வைத்து, ஊசி முனையை ஏதாவது இரும்பிலிருந்து இரண்டு தீக்குச்சிக் கனம் தள்ளிப் பிடித்து, பட்டனின் உடம்பும் அதே இரும்பில் தொடும்படி வைத்துத் தட்டினால் பொறி தாண்ட வேண்டும். இரண்டு தீக்குச்சி சேர்ந்தால் சுமார் நான்கு மில்லிமீட்டர். மளிகைக் கடையில் இதைவிடக் கைக்கெட்டிய அளவுகோல் கிடையாது. அடுப்பில் பொருத்தும்போதும் ஊசிக்கும் பர்னருக்கும் அதே இரண்டு தீக்குச்சி இடைவெளிதான். அதுவும் கேஸ் வெளியே வரும் துளைக்கு நேராக இருக்க வேண்டும். துளை ஒரு பக்கம், பொறி ஒரு பக்கம் என்றால் பயனில்லை.

பட்டனின் உடம்பு இரும்பில் தொட வேண்டும் என்று சொன்னதைச் சிலர் கவனிக்காமல் விடுவார்கள். பொறி போனால் மட்டும் போதாது, திரும்பி வர வழி வேண்டும். அந்த வழி அடுப்பின் இரும்பு உடம்புதான். வண்டி அழகாக இருக்கட்டும் என்று டிரம்முக்கு இரண்டு கோட் பெயிண்ட் அடித்து, அதன் மேல் பட்டனை முடுக்கினால் வழி அடைபட்டுப் பொறி பலவீனமாகும், சமயத்தில் வராமலே போகும். நட்டு உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டையும் துருவையும் சுரண்டி விட வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய வியாதிக்கு வருகிறோம். சில வாடிக்கையாளர் சொல்வது வேடிக்கையாக இருக்கும்: "காலைல பத்த மாட்டேங்குது, மத்தியானம் தானா சரியாப் போவுது." இது பேய் வேலை என்று ஒரு பெரியவர் நம்மிடம் சொன்னார். கடற்காற்றில் வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் படிகிறது. காற்றில் ஈரம் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்குக்கு மேல் போனால் உப்பு அந்த ஈரத்தைத் தன்னிடம் இழுத்துக் கரையத் தொடங்கும். கடையில் கல் உப்பு மூட்டை விடியற்காலையில் கசிந்து நிற்பதும், வெயில் ஏறினால் காய்வதும் நாம் தினம் பார்ப்பதுதானே. அதே சங்கதி ஊசியைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் குழல் மேல் நடக்கிறது. கரைந்த உப்பு மின்சாரத்துக்கு நல்ல பாதை. பொறி பீங்கான் மேலேயே வழுக்கிக் கொண்டு இரும்புக்குப் போய் விடும். வெயிலில் காய்ந்தால் பாதை அறுந்து, பொறி மறுபடி முனைக்கு வரும். மயிலாப்பூர்க்காரருக்கும் கடல் பக்கம்தான். ஆனால் நம்மைப் போல் கரியும் மீனும் சேர்ந்த தொழில் அங்கே குறைவு.

கரி அடுப்பில் இது இரட்டிப்பாகும். கரித்தூளே மின்சாரம் கடத்தும். மேலிருந்து சாம்பல் விழும். மசாலாவும் உப்பும் கலந்த மீன் எண்ணெய் சொட்டும். வீட்டு கேஸ் அடுப்பு மாதக் கணக்கில் துடைக்காமல் ஓடும். கிரில் அடுப்பின் ஊசி ஒரு வாரம் தாங்குவதே பெரிது. துடைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காய்ந்த துணியால் துடைத்தால் எண்ணெயும் கரியும் போகும், உப்பு போகாது. உப்பைத் தண்ணீர்தான் கரைக்கும். அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பீங்கானைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி, வெயிலில் காய விட வேண்டும். போரிங் தண்ணீர் கூடாது. நம் பக்கத்துப் போரிங் தண்ணீரில் துடைப்பது உப்பை உப்பால் கழுவுவதுதான். ஊசியின் இரும்பு முனையை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். பீங்கானை உப்புத்தாளால் தொடவே கூடாது. கீறல் விழுந்தால் அழுக்கு அங்கேயே குடியேறும். பீங்கானில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை, ஊசியை மாற்ற வேண்டியதுதான். வண்டிக்காரர் தகடு ஒன்றை வளைத்து ஊசிக்கு மேல் சின்னக் குடை மாதிரி வைத்துக் கொண்டால் சாம்பலும் எண்ணெயும் விழாது. பட்டறையில் ஐந்து நிமிட வேலை.

கடையில் லைட்டர் அட்டையை எங்கே தொங்க விடுகிறோம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். வாசலோரம், உப்பு மூட்டைக்கு நேர் மேலே தொங்குகிற அட்டைகளை நாம் எத்தனையோ கடைகளில் பார்க்கிறோம். நம் மண்டியிலும் அப்படித்தான் இருந்தது. விற்பதற்கு முன்பே முனையில் துரு. உறையோடு உள்ளே வைத்து, மாதிரிக்கு ஒன்று மட்டும் வெளியே தொங்கினால் போதும்.

பொறி வருகிறது, ஆனாலும் பற்றவில்லை என்பது இன்னொரு வகை. அப்போது பட்டனை விட்டுவிட்டுக் கேஸ் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டு மாதம் சும்மா கிடந்த வண்டி என்றால் பர்னர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கும், அல்லது சிலந்தி வலை பின்னியிருக்கும். கேஸ் துளை வழியே வராமல் பின்பக்கம் காற்று புகும் திறப்பு வழியே கசியும். தீ அங்கே பிடித்தால் ரப்பர் குழாய் பக்கத்தில்தான் இருக்கும், மறக்க வேண்டாம். ஜூன் மாதம் வண்டியை எடுக்கும்போது முதல் காரியமாகக் கம்பி விட்டுக் குழாயைத் துழாவி ஊதி விட வேண்டும். அடுத்தது கடற்காற்று. தீயைச் சுற்றி மறைப்பு இல்லாவிட்டால் கேஸ் பொறிக்கு எட்டுமுன் காற்று அடித்துக் கொண்டு போய் விடும். மூன்றாவது ரெகுலேட்டர். வீட்டு ரெகுலேட்டர் விடுவது மிகக் குறைந்த அழுத்தம். ஓட்டல் அடுப்புக்கு என்று விற்கும் அதிக அழுத்த ரெகுலேட்டரை இந்த மாதிரிக் குழாய் பர்னரில் மாட்டினால் கேஸ் சீறிக் கொண்டு பொறியைத் தாண்டிப் போகும். பற்றினாலும் தீ துளையை விட்டு எழும்பி அணையும்.

இப்போது அந்தப் பையனின் கைக்கு வருகிறோம். இதைக் கடையில் நிற்கும் பையன்களுக்கும் படித்துக் காட்டினால் நல்லது.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடித் தேங்கும். அடி மூடிய அரை டிரம் அதற்கு நல்ல தொட்டி. நாம் போட்ட கணக்கு இது: அரை டிரம் 100 லிட்டர். நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு கேஸ் கலந்தாலே பற்றக்கூடிய நிலை. ஆக இரண்டு லிட்டர் கேஸ் போதும். எடையில் நாலரை கிராம் அளவு. குழாய் பர்னர் மணிக்கு 400 கிராம் எரிக்கும் என்று வைத்துக் கொண்டால், நாற்பது விநாடியில் அந்த நாலரை கிராம் வந்து விடுகிறது. கேஸ் அடியில் தேங்குவதால் முழு டிரம்மும் நிறைய வேண்டியதுகூட இல்லை. அதற்கு முன்பே ஆபத்து. கேஸைத் திறந்து வைத்துக் கொண்டு, பற்றவில்லையே என்று டக் டக்கென்று தட்டிக் கொண்டு நின்றால் நாற்பது விநாடி எவ்வளவு நேரம்? அந்தப் பையன் ஒரு நிமிடத்துக்கு மேல் தட்டியதாகச் சொன்னான். ஒவ்வொரு முறையும் பொறி தகட்டு ஓட்டையில் போய்க் கொண்டிருந்தது. கேஸ் நிரம்பி அந்த ஓட்டை வரை ஏறியதும், அங்கேயே பிடித்து விட்டது.

ஐந்து விநாடிக்குள் பற்றாவிட்டால் கேஸை மூடி விட வேண்டும். மூடி இருந்தால் திறந்து வைத்து, ஐந்து நிமிடம் ஒதுங்கி நிற்க வேண்டும். வியாபார நேரத்தில் ஐந்து நிமிடமா என்று வண்டிக்காரர் முறைப்பார். மறுபடி ஒரு முறை பார்க்கலாம். அப்போதும் இல்லையென்றால் அன்றைக்குப் பட்டனை மறந்து விடலாம். நீளமான குச்சியிலோ சுருட்டிய காகிதத்திலோ முதலில் தீயை வைத்து, அதைப் பர்னர் அருகே பிடித்துக் கொண்டு, அதற்குப் பிறகே கேஸைத் திறக்க வேண்டும். தீ முன்னால், கேஸ் பின்னால். முகத்தை அடுப்புக்கு மேல் கொண்டு போகவே கூடாது. டிரம்மின் அடியில் ரூபாய்க் காசு அளவு ஏழெட்டு ஓட்டை போட்டு விட்டால் கேஸ் தேங்காமல் இறங்கிப் போகும். நாம் பார்த்த வண்டியில் சாம்பல் தெருவில் கொட்டுகிறது என்று இருந்த ஓட்டைகளையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஓட்டைக்குக் கீழே ஒரு சாணிட இடைவெளி விட்டுத் தட்டு வைத்தால் சாம்பலும் நிற்கும். கேஸ் வாடை நிற்காமல் வந்தால் சிலிண்டரை மூடிவிட்டு 1906 என்ற எண்ணுக்குப் பேசலாம். கேஸ் கசிவுக்கென்றே உள்ள அவசர எண் அது.

ரப்பர் குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.எஸ். 9573 முத்திரை உள்ள சுரக்ஷா குழாய்க்கு ஐந்து வருடம் ஆயுள். குழாய் மேலேயே தேதி அச்சிட்டிருக்கும். வண்டியில் கரி அடுப்பின் வெக்கையில் கிடப்பது அதற்கு முன்பே வெடித்து விடும். முத்திரையில்லாத குழாயை மீட்டர் கணக்கில் வெட்டி விற்பதை நம் வணிகர்கள் அறவே விட்டு விட வேண்டும். அதுபோல 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வண்டியில் வைப்பது சட்டப்படி குற்றம். கடைக்கு 19 கிலோ சிலிண்டர், சிறு வண்டிக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கின்றன.

சட்டம் என்றதும் நம்மைத் தொடுகிற இடத்துக்கு வந்து விட்டோம். 1986ஆம் வருடத்து நுகர்வோர் சட்டம் போய், 2019ஆம் வருடத்துச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் பொருளால் தீங்கு வந்தால் யார் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. 'நான் தயாரிக்கவில்லை, விற்றேன், அவ்வளவுதான்' என்ற பழைய பதில் எல்லா இடத்திலும் செல்லாது. தயாரித்தவர் யார் என்று தெரியாத சரக்கை விற்றால் விற்றவரே பொறுப்பு. விற்பவர் பொருளில் மாறுதல் செய்து அதனால் தீங்கு நேர்ந்தாலும், தாமாக ஒரு உத்தரவாதம் கொடுத்திருந்தாலும், தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குகிறவருக்குச் சேர்க்காமல் விட்டாலும் பொறுப்பு வரும். நம் கடைகளில் பெட்டியைப் பிரித்து, எச்சரிக்கைத் துண்டுக் காகிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, லைட்டரை மட்டும் எடுத்துக் கொடுக்கிறோம். 'கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போ, நான் கேரண்டி' என்றும் சொல்கிறோம். இரண்டையும் நிறுத்திக் கொள்வது நல்லது.

கொள்முதல் செய்யும்போது அட்டையில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முழு முகவரி, மாதம், வருடம், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2011ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதிகளும் அதையே கேட்கின்றன. சிட்டை இல்லாமல் வரும் மலிவுச் சரக்கில் டஜனுக்கு இருபது ரூபாய் மிச்சமாகலாம். அந்தப் பையனின் வைத்தியச் செலவில் நாம் கொடுத்தது, நாலைந்து வருடம் லைட்டர் விற்ற லாபம். யாரும் கேட்டு வரவில்லை, நாமாகவே கொடுத்தோம். கேட்டு வந்திருந்தால் சரக்கின் அட்டையையும் கொள்முதல் சிட்டையையும் காட்டியிருப்போம். நல்ல வேளையாக இரண்டும் இருந்தன.

சிகரெட் லைட்டர் விற்கிறவர்கள் ஒன்றைக் கலந்து குழப்பிக் கொள்கிறார்கள். இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூன் மாதம் மத்திய அரசு தடை போட்டது. தீப்பெட்டித் தொழிலைக் காக்க வேண்டும் என்று தமிழகம் அதற்கு முன்பே கேட்டு வந்தது. அது உள்ளே எரிபொருள் அடைத்த லைட்டருக்கு. அடுப்புக்கு வெறும் பொறி மட்டும் விடுகிற நம் லைட்டருக்கும் அந்தத் தடைக்கும் சம்பந்தம் இல்லை.

தீப்பெட்டி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. விம்கோ நகர் என்று ரயில் நிலையம் இருக்கிறது, 2021 முதல் மெட்ரோ நிலையமும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளில் பலருக்கு அது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர் என்று தெரியாது. 1923இல் சுவீடன்காரர்கள் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கம்தான் விம்கோ. திருவொற்றியூரில் அதன் ஆலை இருந்ததால் அந்த இடத்துக்கே பெயராயிற்று. கப்பல் மார்க் தீப்பெட்டி பண்டல் பண்டலாக நம் மண்டியில் இறங்கிய காலம் உண்டு. லைட்டர் வந்த பிறகு தீப்பெட்டி விற்பனை பாதியாகி விட்டது என்று வருத்தப்படும் நாமே, அந்த வண்டிக்காரரிடம் ஒரு தீப்பெட்டியை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பட்டன் பக்கத்தில் எப்போதும் வைத்துக் கொள்ளச் சொன்னோம். அதற்குக் காசு வாங்கவில்லை.

லைட்டரை வெக்கையில் வைக்கக் கூடாது என்பதையும் விற்கும்போது சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் கட்டை அளவுக்கு மீறிச் சூடானால் தன் குணத்தை இழந்து விடும்; ஆறிய பிறகும் திரும்ப வராது. சத்தம் பழையபடி கேட்கும், பொறி மட்டும் நாளுக்கு நாள் சோகையாகும். கிரில்லின் விளிம்பிலேயே லைட்டரை வைப்பது, பட்டனை டிரம்மின் நெருப்புப் பக்கத்திலேயே முடுக்குவது இரண்டும் அந்தக் கதைதான். பட்டனை வண்டிச் சட்டத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் வைத்து, ஒயரை மட்டும் பீங்கான் குழல் வழியாக டிரம்முக்குள் விட வேண்டும். சட்டத்துக்கும் டிரம்முக்கும் இடையே துருவில்லாத இரும்புத் தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பொறி திரும்பி வரும் வழி மறுபடி அடைபடும்.

இப்போது நம் மண்டியில் ஒரு மரப்பலகையில் இரும்புத் துண்டு ஒன்றை அடித்து வைத்திருக்கிறோம். திரும்ப வரும் செட்டு எதுவானாலும் முதலில் அதில் தட்டிப் பார்க்கிறோம். பொறி வந்தால், மாற்றிக் கொடுப்பதற்கு முன் அடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். இடைவெளி எவ்வளவு, ஒயர் எந்த வழியாகப் போகிறது, அடியில் ஓட்டை இருக்கிறதா. திரும்பி வருவதில் பாதிக்கு மேல் நல்ல சரக்குதான். கடைக்காரர்களுக்கு இதனால் முதலில் கொஞ்சம் கோபம். "முன்னாடி எல்லாம் கேக்காம மாத்திக் குடுப்பீங்களே அண்ணாச்சி" என்று அதே திருவொற்றியூர் கடைக்காரர்கூடச் சொன்னார். பிறகு அவரும் தம் கடையில் ஒரு பலகை அடித்து விட்டார். பையன் கை ஆறி அதே வண்டியில்தான் இருக்கிறான். இந்த ஜூனில் வண்டியை எடுக்கும்போது குழாயைத் துழாவியதில் குளவிக்கூடு இரண்டு விழுந்ததாகச் சொல்லியனுப்பினான்.